பிங் போகிறது, பக்கம் திறக்கவில்லை: நெட்வொர்க் வேலைக்குத் தயாராகிறவர்களுக்கு

நெட்வொர்க் வேலைக்கான நேர்காணல்களில் ஏதாவது ஒரு வடிவத்தில் வந்து நிற்கும் கேள்வி இது: "ஒரு பயனர் கூப்பிடுகிறார். சர்வருக்கு பிங் போகிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பீர்கள்?" பிங் என்பது மறுமுனையில் உள்ள கருவி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை.

நெட்வொர்க்கின் வேலையைப் படிப்படியாகப் பிரித்துக்காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளையும் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் ஒப்பிக்கத் தெரிந்தவர் இந்த இடத்தில் திணறுவதுண்டு. லேபில் உட்கார்ந்து நாலு விஷயத்தை உடைத்துச் சரிசெய்தவரோ, பதில் சொல்லுமுன் திருப்பிக் கேட்பார்: "பிங் போனது பெயருக்கா, ஐபி முகவரிக்கா?" கேட்பவர் காத்திருப்பது அதற்காகத்தான். முகவரிக்கு மட்டும் போகிறதென்றால் முதல் சந்தேகம் டிஎன்எஸ், அதாவது பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை. பெயருக்கே போகிறதென்றால் அதை ஒதுக்கிவிட்டு, பாதுகாப்பான வலைப்பக்கங்கள் வந்துபோகும் 443ஆம் போர்ட் பக்கம் போகலாம். வேலையில் பாதி, எதை ஒதுக்கலாம் என்று தெரிந்துகொள்வதுதான்.

சான்றிதழ் உங்களை அந்த நாற்காலிவரை கொண்டுபோய் உட்காரவைக்கும். குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களை வடிகட்டுகிறவருக்கு ஏதாவது ஒரு பெயர் கண்ணில் பட வேண்டும்; அதற்கு அது உதவும். உட்கார்ந்த பிறகு பேசப்போவது கைவைத்துப் பார்த்த வேலை. முதலில் சான்றிதழ், பிறகு அனுபவம் என்று இரண்டையும் பிரித்துவைப்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். பாடத்திட்டத்தின் ஒவ்வொரு தலைப்பையும் ஒரு பழுதுபார்ப்புப் பயிற்சியாக மாற்றிக்கொண்டால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

எந்தத் தேர்வு

தொடக்கநிலையில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும்: காம்ப்டியா என்ற சான்றிதழ் அமைப்பின் ஏ பிளஸ், அதே அமைப்பின் நெட்வொர்க் பிளஸ், நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோவின் சிசிஎன்ஏ.

ஏ பிளஸ் என்பது இரண்டு தேர்வுகள். ஒவ்வொன்றும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். தேர்ச்சிக்கு 900க்கு முதல் தேர்வில் 675, இரண்டாவதில் 700 வேண்டும். ஹெல்ப்டெஸ்க் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பொருந்தும். ராம் மாற்றவும், விண்டோஸ் நிறுவவும், பிரிண்டர் ஏன் ஆஃப்லைனில் நிற்கிறது என்று பார்க்கவும் ஏற்கெனவே தெரிந்தவர் அதைத் தாண்டிப் போகலாம். இரண்டு தேர்வுக்கான செலவையும் நேரத்தையும் அடுத்த படியில் போடுவது நல்லது.

நெட்வொர்க் பிளஸும் சிசிஎன்ஏவும் ஒன்றுக்கு அடுத்து ஒன்று எழுத வேண்டியவை என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. அடிப்படைப் பாடம் இரண்டிலும் பெருமளவு ஒன்றுதான். நெட்வொர்க் பிளஸ் எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராதது, கருத்தைச் சோதிக்கும். சிசிஎன்ஏ அந்தக் கருத்தைக் கட்டளையாக எழுதச் சொல்லும். ரவுட்டர், ஸ்விட்ச் பக்கம் வேலை வேண்டுமென்றால் நேரே சிசிஎன்ஏ. பாதுகாப்பு, கிளவுட், சர்வர் பக்கம் போக எண்ணுகிறவருக்கு நெட்வொர்க் பிளஸ் போதும்.

சிசிஎன்ஏவுக்கு இப்போதிருப்பது 200-301 என்ற ஒரே தேர்வு, 120 நிமிடம். 2020 பிப்ரவரியில் அறிமுகமானது. அதற்கு முன் ரவுட்டிங், பாதுகாப்பு, வயர்லெஸ் என்று தனித்தனி சிசிஎன்ஏக்கள் இருந்தன. இந்தத் தேதியைச் சொல்லக் காரணம் உண்டு: அதற்கு முந்தைய புத்தகங்களும் காணொளிகளும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு ஈஐஜிஆர்பி, ஃப்ரேம் ரிலே என்ற அந்தக்காலத் தலைப்புகளில் இரண்டு மாதம் செலவழித்த பிறகு, இப்போதைய தேர்வில் ரவுட்டிங் புரோட்டோகாலாக (ரவுட்டர்கள் தமக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை) அமைக்கச் சொல்வது ஓஎஸ்பிஎஃப் ஒன்றைத்தான், அதிலும் ஒற்றை ஏரியா (ரவுட்டர்களின் ஒரே தொகுதி) மட்டும்தான் என்று தெரிந்துகொள்வது வீண் வருத்தம். படிக்க உட்காருமுன் சிஸ்கோவின் தளத்தில் இருக்கும் தேர்வுத் தலைப்புப் பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தின் பொருளடக்கத்தைவிட அதுதான் எல்லைக்கோடு.

அந்தப் பட்டியலில் ஐபி இணைப்பு 25 சதவீதம், நெட்வொர்க் அடிப்படைகள் 20, நெட்வொர்க் அணுகல் 20, பாதுகாப்பு அடிப்படை 15, ஐபி சேவைகள் 10, தானியக்கம் 10. முதல் மூன்றையும் கூட்டினால் 65 வருகிறது. விலான் (ஒரே ஸ்விட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது), டிரங்க் (பல விலான்களை ஒரே கேபிளில் கொண்டுபோகும் இணைப்பு), ஸ்பானிங் ட்ரீ (ஸ்விட்ச்களுக்கிடையே சுற்று விழாமல் தடுப்பது), நிலையான ரூட் (கையால் எழுதிய வழி), ஓஎஸ்பிஎஃப் எல்லாம் இங்கேதான். படிப்பு நேரத்தையும் அதே விகிதத்தில் பிரித்தால் பெரிய தவறு நேராது. ஒரே ஒரு விதிவிலக்கு சப்நெட் கணக்கு, அதாவது முகவரித் தொகுதியைச் சிறு நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் கணக்கு. அது எல்லாத் தலைப்புக்குள்ளும் ஒளிந்து வரும்.

தேர்வு அறையில் இரு அமைப்புகளும் நடந்துகொள்ளும் விதம் வேறு. காம்ப்டியாவில் கேள்வியைக் குறியிட்டுவிட்டுப் பிறகு திரும்பி வரலாம். செய்முறைக் கேள்விகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்து நிற்கும். அவற்றில் இருபது நிமிடம் மாட்டிக்கொள்ளாமல் குறியிட்டுவிட்டு நகர்ந்து, கடைசியில் திரும்புவது வழக்கமான உத்தி. சிஸ்கோவில் அந்த வசதி கிடையாது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டால் முந்தையது மூடிவிட்டது. ஆகவே சிசிஎன்ஏவில் தெரியாத கேள்விக்கும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போக வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கத்தை மாதிரித் தேர்விலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து எழுதுவதென்றால் அலுவலக மடிக்கணினியை நம்ப வேண்டாம். அதிலிருக்கும் விபிஎன், பாதுகாப்பு மென்பொருள் போன்றவை தேர்வு மென்பொருளைத் தடுத்துவிடும். முன்கூட்டியே செய்யும் கணினிச் சோதனையை, தேர்வு எழுதப்போகும் அதே இணைய இணைப்பில், அதே நேரத்தில் செய்து பாருங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவு செய்த பெயரும் எழுத்து மாறாமல் ஒத்திருக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. தோற்றுவிட்டால் சிஸ்கோவில் 5 நாள் பொறுக்க வேண்டும். காம்ப்டியாவில் இரண்டாவது முயற்சிக்குக் காத்திருப்பு இல்லை, மூன்றாவதிலிருந்து 14 நாள்.

கசிந்த கேள்வித்தாள் என்று விற்பவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தை மீறியதாகச் சான்றிதழைப் பறிப்பார்கள், மறுபடி எழுதவும் தடை விதிப்பார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம், முதல் பத்தியில் உள்ள கேள்விக்கு முன்னால் வாயடைத்து உட்காருவது. அவற்றில் உள்ள விடைகளில் கணிசமானவை தவறு என்பது வேறு விஷயம்.

சப்நெட் கணக்கு

இதைக் கால்குலேட்டரில் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். தேர்வில் கால்குலேட்டர் இல்லை என்பது சின்னக் காரணம். நள்ளிரவில் ஒரு ரவுட்டரின் வழிப் பட்டியலான ரவுட்டிங் டேபிளைப் பார்த்தவுடன் 'இந்த முகவரி அந்த வரியில் அடங்காதே' என்று கண்ணிலேயே பட வேண்டும் என்பது பெரிய காரணம்.

வழி எளிது. மாஸ்க்கில் (முகவரியின் எந்தப் பகுதி நெட்வொர்க்குக்கு என்று காட்டும் நான்கு எண்கள்) 255ஆகவும் இல்லாமல் 0ஆகவும் இல்லாமல் நிற்கும் எண்ணை 256இலிருந்து கழித்தால் தொகுதியின் அளவு கிடைக்கும். 172.16.77.140/21 என்று எடுத்துக்கொள்வோம். /21 என்றால் முதல் 21 பிட்கள் நெட்வொர்க்குக்கு; மாஸ்க் 255.255.248.0, மூன்றாவது இடத்தில் 248. 256இலிருந்து கழித்தால் 8. எட்டின் மடங்குகளில் 77க்குள் அடங்குவது 72. எனவே நெட்வொர்க் 172.16.72.0, அடுத்தது 80இல் தொடங்கும், பிராட்காஸ்ட் (அந்த நெட்வொர்க்கில் எல்லோருக்கும் போகும் முகவரி) 172.16.79.255. பயன்படும் முகவரிகள் 2046. முதலில் இரண்டு நிமிடம் ஆகும். தினம் இருபது கணக்கு வீதம் போட்டால் சில வாரங்களில் அரை நிமிடத்துக்குள் வந்துவிடும்.

தேவைக்கேற்ப வெவ்வேறு அளவில் பிரிக்கும் கணக்கில்தான் வழக்கமான பிழை நடக்கிறது. 192.168.10.0/24ஐ 50 கணினிகளுக்கு ஒன்று, 25க்கு ஒன்று, 10க்கு ஒன்று, இரண்டு ரவுட்டர்களுக்கு இடையே ஓர் இணைப்பு என்று பிரிக்க வேண்டும். பெரியதில் தொடங்க வேண்டும் (கடைசி எண்ணை மட்டும் எழுதினால்): 0/26, அதில் 1 முதல் 62 வரை பயன்படும். அடுத்து 64/27, 65 முதல் 94. பிறகு 96/28, 97 முதல் 110. கடைசியாக 112/30, 113ம் 114ம். சிறியதில் தொடங்கி 0/28 கொடுத்துவிட்டு, அடுத்து 16இல் /26ஐ வைக்க முயன்றால் நடக்காது; /26 என்பது 0, 64, 128, 192இல் மட்டுமே தொடங்கும். 64க்குத் தள்ளினால் 16 முதல் 63 வரை நடுவில் இடைவெளி விழும். தாளில் 16இல் /26ஐ வைப்பது சின்னப் பிசகு. வேலை செய்யும் நெட்வொர்க்கில் இரண்டு சப்நெட்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சில கணினிகளுக்கு மட்டும் போக்குவரத்து காணாமல் போகும். அந்த 'சில' என்ற சொல்தான் பழுதுபார்ப்பவரை நாள்கணக்கில் அலைக்கழிக்கும்.

லேப்

சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால் பாக்கெட் டிரேசர் இலவசம். சிசிஎன்ஏவுக்கு அது போதும். அது உண்மையான இயங்குதளம் அல்ல, பாவனை. சில கட்டளைகள் இருக்காது, சில பழுதுகள் நிஜத்தில் நடப்பதுபோல் நடக்காது. அடுத்த கட்டத்துக்கு ஜிஎன்எஸ்3 அல்லது ஈவ்-என்ஜி. இவை நிஜமான இயங்குதளங்களை மெய்நிகராக ஓட்டும். 16 ஜிபி ராம் இருந்தால் தாராளமாக வேலை செய்யலாம். சிஸ்கோவின் இயங்குதளக் கோப்புகளுக்கு உரிமம் வேண்டும் என்பதால் கண்ட இடத்தில் இறக்காதீர்கள். சிஸ்கோ மாடலிங் லேப்ஸின் இலவசப் பதிப்பு 5 கருவிகள்வரை ஓட்ட விடும். எஃப்ஆர்ஆர், வையோஸ் போன்ற திறந்தமூல ரவுட்டர்களும் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி (நிறுவனங்களுக்கிடையே வழி பகிரும் முறை) பழக நல்லவை.

பழைய ஸ்விட்ச் வாங்கலாமா என்ற கேள்விக்கு: இரண்டு போதும், அதற்குமேல் ஆடம்பரம். விசிறிச் சத்தம் படுக்கையறைக்கு ஆகாது. ஆனால் நிஜக் கருவியில் மட்டுமே கிடைக்கும் பாடங்கள் சில உண்டு. கருவியை நேரே கணினியோடு இணைக்கும் கன்சோல் கேபிளைச் செருகி 9600 வேகத்தில், 8 பிட், பாரிட்டி இல்லாமல், 1 ஸ்டாப் பிட் என்று இணைப்பது அதில் முதலாவது. திரையில் குப்பை எழுத்துகள் ஓடினால் வேகம் பொருந்தவில்லை என்று பொருள். பழைய ரவுட்டரின் கடவுச்சொல்லை மீட்பது இன்னொன்று: ரவுட்டர் எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டரை 2142 ஆக்கினால் சேமித்த அமைப்பைப் படிக்காமல் எழுந்துவிடும். வேலை முடிந்ததும் அதை 2102க்குத் திருப்ப மறந்தால், அடுத்த முறை மின்சாரம் போய் வரும்போது எல்லா அமைப்பும் காணாமல் போனதுபோல் வெறும் ரவுட்டராக நிற்கும். அமைப்பு உள்ளேயேதான் இருக்கும், படிக்கப்படுவதில்லை. இதைத் தெரியாதவர் மொத்தத்தையும் மறுபடி தட்டச்சிடுவார்.

வழிகாட்டியைப் பார்த்துக்கொண்டே லேபைக் கட்டி முடித்து, பிங் போனதும் மூடிவைப்பதுதான் பொதுவான தவறு. பிங் போன பிறகுதான் பயிற்சி ஆரம்பம். ஒரு நண்பரிடம் கொடுத்து ஒரு இடத்தில் கெடுக்கச் சொல்லுங்கள். ஆளில்லையென்றால் நீங்களே கெடுத்துவிட்டு மறுநாள் திறங்கள்.

முதலில் டிரங்க். இருக்கும் டிரங்கில் 30ஆம் விலானைச் சேர்க்க வேண்டும். 'சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் விலான் 30' என்று அடித்தால், சேராது. ஏற்கெனவே அனுமதித்த பட்டியல் முழுவதும் அழிந்து 30 மட்டும் நிற்கும். நடுவில் 'ஆட்' என்ற ஒற்றைச் சொல் விடுபட்டதுதான் காரணம். ஒரு தளம் முழுக்க இணைப்பறுந்து போகும் கதைகளில் இது மிகப் பழையது, இன்னும் நடந்துகொண்டிருப்பது. மெய்நிகர் லேபில் ஒருமுறை செய்து பார்த்தவருக்கு விரல் தானாக நிற்கும்.

அடுத்தது டிஎச்சிபி, கணினிகளுக்குத் தானாக ஐபி முகவரி தரும் சேவை. கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால், டிஎச்சிபி சர்வரிடமிருந்து அதற்குப் பதில் கிடைக்கவில்லை. சர்வர் வேறு விலானில் இருந்தால் ரவுட்டரின் அந்த விலான் இன்டர்ஃபேஸில் 'ஐபி ஹெல்ப்பர்-அட்ரஸ்' வேண்டும். கணினியின் கேள்வி பிராட்காஸ்டாகப் போகிறது, பிராட்காஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது; அந்தக் கட்டளைதான் அதைச் சர்வருக்கு அனுப்பிவைக்கும். இதைப் படித்திருப்பார்கள். இதன் தந்திரமான தம்பி ஒன்று உண்டு: காலையில் கணினியைப் போட்டதும் முகவரி வராது, ஒரு நிமிடம் கழித்துப் புதுப்பித்தால் வந்துவிடும். ஸ்பானிங் ட்ரீயில் ஸ்விட்சின் போர்ட் (கேபிள் செருகும் துளை) கேட்கும் நிலையில் 15 விநாடி, கற்கும் நிலையில் 15 விநாடி என 30 விநாடி கழித்தே பாக்கெட்டை (தரவுத் துண்டை) விடும். இன்றைய கணினிகள் அதற்குள் எழுந்து கேட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடுகின்றன. கணினிகள் இருக்கும் போர்ட்களில் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் தீரும். கூடவே பிபிடியு கார்டும் போட வேண்டும். யாராவது அந்த இடத்தில் ஒரு ஸ்விட்சைச் செருகிச் சுற்று ஏற்படுத்தினால் போர்ட் தன்னை மூடிக்கொள்ளும்.

ஓஎஸ்பிஎஃப்தான் தங்கச் சுரங்கம். இரண்டு ரவுட்டர்களை இணைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கெடுங்கள். ஹலோ நேரத்தை (அண்டை ரவுட்டருக்கு 'இருக்கிறேன்' என்று சொல்லும் இடைவெளி) ஒரு பக்கம் மட்டும் 10இலிருந்து 5 ஆக்கினால் அண்டை ரவுட்டர் பட்டியலிலேயே தெரியாது. ஏரியா எண் மாறினாலும் அப்படியே. இன்டர்ஃபேஸை பாசிவ் ஆக்கினால் ஹலோவே போகாது. இவை மூன்றுக்கும் அறிகுறி ஒன்றுதான்: அண்டை இல்லை. எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) ஒரு பக்கம் 1400 ஆக்கினால் படம் மாறும்: அண்டை தெரியும், ஆனால் எக்ஸ்ஸ்டார்ட் என்ற பாதி நிலையில் மாட்டிக்கொண்டு நிற்கும். இன்னும் கெட்டிக்காரத்தனமான பழுது, ஒரு பக்கம் நெட்வொர்க் வகையை பிராட்காஸ்ட் என்றும் மறுபக்கம் பாயின்ட்-டு-பாயின்ட் என்றும் விடுவது. இரண்டுக்கும் ஹலோ நேரம் 10, டெட் நேரம் (ஹலோ வராவிட்டால் அண்டை போய்விட்டதாகக் கொள்ளும் நேரம்) 40தான். ஆகவே அண்டை உறவு ஃபுல் (முழுமை) என்று காட்டும். எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். ரூட் மட்டும் டேபிளுக்கு வராது. 'அண்டை ஃபுல், ஆனால் ரூட் இல்லை, ஏன்?' என்று கேட்டால் உடனே இதைச் சொல்கிறவரை நேர்காணல் எடுப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

டூப்ளெக்ஸ் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும் ஃபுல்லா, மாறி மாறிப் பேசும் ஹாஃபா என்பது) பொருந்தாமையைப் பாக்கெட் டிரேசர் முழுதாகக் காட்டாது, பழைய ஸ்விட்ச் காட்டும். 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் ஒரு பக்கம் ஃபுல் என்று கையால் நிலைநிறுத்தி, மறுபக்கம் ஆட்டோவில் விட்டால், ஆட்டோ பக்கம் பேச்சுவார்த்தைக்கு ஆள் கிடைக்காமல் ஹாஃபுக்கு இறங்கிவிடும். பிங் அழகாகப் போகும். பெரிய கோப்பை நகலெடுத்தால் ஊர்ந்து போகும். ஹாஃப் பக்கம் லேட் கொலிஷன் (தாமதமான மோதல்) எண்ணிக்கையும், ஃபுல் பக்கம் சிஆர்சி பிழையும் (சிதைந்து வந்த தரவு) ஏறிக்கொண்டே இருக்கும். 'கேபிள் கோளாறு' என்று கேபிளை மூன்றுமுறை மாற்றுகிறவர்கள் இங்கேதான் உருவாகிறார்கள்.

ஒவ்வொரு பழுதுக்கும் நோட்டில் நாலு வரி: அறிகுறி என்ன, எந்தக் கட்டளையில் தெரிந்தது, காரணம் என்ன, எப்படித் தீர்ந்தது. நாற்பது, ஐம்பது சேர்ந்த பிறகு நேர்காணலுக்குத் தனியாகத் தயாராக வேண்டியிருக்காது.

பாக்கெட்டைக் கண்ணால் பார்ப்பது

நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்களைப் பிடித்துக்காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்ததும் வரும் வண்ணக் கோடுகளைக் கண்டு மூடிவிடுகிறவர்களே அதிகம். மூன்றே மூன்று உரையாடல்களைப் பிடித்துப் பார்த்தால் பயம் போய்விடும்: டிஎச்சிபியின் நான்கு செய்திகள், ஒரு டிஎன்எஸ் கேள்வி-பதில், இரு முனைகளுக்கிடையே இணைப்பை ஏற்படுத்தும் டிசிபியின் மூன்றுபடிக் கைகுலுக்கல்.

மூன்றாவதில்தான் அன்றாட வேலைக்கான சாவி இருக்கிறது. உங்கள் கணினி சின் (இணைப்பைத் தொடங்கும் பாக்கெட்) அனுப்புகிறது. பதிலே இல்லை, மறுபடி மறுபடி அனுப்புகிறது என்றால், வழியில் ஃபயர்வால் ஓசைப்படாமல் விழுங்குகிறது, அல்லது திரும்பி வரும் ரூட் இல்லை. உடனே ரீசெட் (இணைப்பை மறுக்கும் பாக்கெட்) வந்தால், பெரும்பாலும் பாக்கெட் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை; சர்வர் குழுவிடம் பேச வேண்டிய விஷயம். சில ஃபயர்வால்களும் ரீசெட் அனுப்பும் என்பதை மறக்க வேண்டாம். சின்னுக்குப் பதில் வந்து கைகுலுக்கல் முடிந்து, பெரிய தரவு வரும் நேரத்தில் மௌனம் என்றால் எம்டியுவைச் சந்தேகியுங்கள்.

தலைப்பில் உள்ள புகாருக்கு மிகச் சுவையான காரணம் அதுதான். வழக்கமான பிங் சிறிய பாக்கெட். எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். பக்கம் திறக்கும்போது முழு அளவு 1500 பைட் பாக்கெட்கள் வரும். வழியில் பிபிபிஓஇ (சில பிராட்பேண்ட் இணைப்புகளில் உள்ள முறை) இருந்தால் 8 பைட் குறைந்து 1492தான் போகும். விபிஎன் சுரங்கம் இருந்தால் இன்னும் குறையும். துண்டாக்கக் கூடாது என்று குறியிட்ட பாக்கெட் பெரிதாக இருந்தால், நடுவிலுள்ள ரவுட்டர் 'சிறிதாக்கி அனுப்பு' என்று ஐசிஎம்பி (பிங்கும் பிழைச் செய்திகளும் போகும் புரோட்டோகால்) செய்தி அனுப்பும். பாதுகாப்பு என்று நினைத்து யாரோ ஐசிஎம்பி முழுவதையும் ஃபயர்வாலில் தடுத்திருந்தால் அந்தச் செய்தி போய்ச் சேராது. அனுப்புகிறவர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார். சோதிக்க, துண்டாக்காதே என்ற குறியுடன் 1472 பைட் அளவில் பிங் செய்யுங்கள். பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் ஹெடர்கள் 28 பைட் சேர்ந்தால் 1500. அது போகாமல் 1464 போனால் வழியில் 1492 இருக்கிறது. ஐசிஎம்பியைத் திறக்க முடியாத இடத்தில், ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் தரவுக்கு மட்டுமான உச்ச அளவு) 1452க்குக் கட்டுப்படுத்துவது நடைமுறைத் தீர்வு: 1492இலிருந்து ஐபிக்கு 20, டிசிபிக்கு 20 கழித்தது.

விண்ணப்பமும் ஆட்களும்

'ஓஎஸ்பிஎஃப் தெரியும்' என்று எழுதுவதும் 'மூன்று ரவுட்டர், நான்கு விலான் கொண்ட லேபில் ஓஎஸ்பிஎஃப் அமைத்து, எம்டியு பொருந்தாமையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தது' என்று எழுதுவதும் ஒன்றல்ல. இரண்டாவது வரி, உங்களுக்கு விடை தெரிந்த கேள்வியைக் கேட்கவைக்கும். விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியும் ஒரு கேள்விக்கான அழைப்பு. பதில் இல்லாத வரியை அடித்துவிடுங்கள். வீட்டு லேப் என்றால் வீட்டு லேப் என்றே எழுதலாம், அதில் வெட்கம் ஏதுமில்லை. நிறுவனத்தில் செய்ததுபோல் எழுதினால் இரண்டாவது துணைக்கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

லேப் அமைப்புகளை, கோப்புகளைப் பொதுவில் பகிரும் கிட்ஹப்பில் வைப்பது நல்ல யோசனை. ஏற்றுமுன் கடவுச்சொல் வரிகளை நீக்குங்கள். சிஸ்கோவின் டைப் 7 கடவுச்சொல் பார்க்கத்தான் புதிர், நொடியில் திருப்பிவிடலாம். இதை அறியாமல் ஏற்றியிருப்பதைப் பார்க்கிறவர், பாதுகாப்பைப் பற்றி உங்களிடம் மேற்கொண்டு கேட்க மாட்டார்.

நெட்வொர்க்கிங் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறதே, ஆட்களோடு பழக்கம் வளர்ப்பது, அதில் பலர் சொதப்புவது முதல் செய்தியில். அறிமுகமில்லாதவருக்கு 'வேலை இருந்தால் சொல்லுங்கள்' என்று அனுப்பினால் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அவர் செய்யும் வேலையைப் பற்றி ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றைக் கேளுங்கள். உங்கள் குழுவில் தொடக்கநிலை ஆளிடம் முதல் மாதம் என்ன வேலை கொடுப்பீர்கள் என்பது போல. தொழில்நுட்பக் குழுக்களில் சந்தேகம் கேட்கும்போது வரைபடம், எதிர்பார்த்தது, நடந்தது, இதுவரை பார்த்தது, தொடர்புள்ள கட்டளையின் வெளியீடு என்று வையுங்கள். தீர்ந்த பிறகு எப்படித் தீர்ந்தது என்று திரும்பி வந்து எழுதுங்கள். பெரும்பாலானோர் அதைச் செய்வதில்லை. செய்கிறவரின் பெயர் நினைவில் நிற்கும். அப்புறம் பரிந்துரை கேட்பது சங்கடமான காரியமாக இருக்காது.

முதல் வேலை

பெரும்பாலும் என்ஓசி (நெட்வொர்க்கை இரவுபகலாகக் கண்காணிக்கும் மையம்), ஹெல்ப்டெஸ்க், அல்லது களப்பணி. இரவுப் பணிமுறை இருக்கும். என்ஓசியின் ஆபத்து, எச்சரிக்கை வந்ததும் பார்த்தாகிவிட்டது என்று பொத்தானை அழுத்தி மேலே தள்ளுவதிலேயே மூன்று வருடம் ஓடிவிடுவது. தப்பிக்க ஒரு வழி: நீங்கள் மேலே அனுப்பிய ஒவ்வொரு டிக்கெட்டையும் (பழுதுப் பதிவு) அது மூடப்பட்ட பிறகு மறுபடி திறந்து, இரண்டாம் நிலைப் பொறியாளர் என்ன செய்து தீர்த்தார் என்று படியுங்கள். அனுப்பும்போதே எப்போதிலிருந்து, எத்தனை பேருக்கு, கடைசியாக என்ன மாற்றம் நடந்தது, எதையெல்லாம் பார்த்தாகிவிட்டது என்று எழுதுங்கள். சில மாதங்களில் உங்கள் டிக்கெட்டை அவர் தேடி எடுப்பார்.

கருவியில் கைவைக்க அனுமதி கிடைத்த பிறகு, தொலைவிலிருந்து ஆக்சஸ் லிஸ்ட் (எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற பட்டியல்) மாற்றும் நாள் வரும். பட்டியலின் கடைசியில் எழுதாத ஒரு தடை உண்டு; நீங்கள் கருவிக்குள் நுழைந்திருக்கும் எஸ்எஸ்எச் இணைப்பையே அது வெட்டிவிடும். சிஸ்கோவில் முதலில் இருப்பதைச் சேமித்துவிட்டு, 'ரீலோட் இன் 10' கொடுங்கள். மாற்றத்துக்குப் பிறகு உள்ளே நுழைய முடிந்தால் 'ரீலோட் கேன்சல்' அடித்துவிட்டுச் சேமியுங்கள். வெளியே மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் ரவுட்டர் பழைய அமைப்போடு எழுந்துவிடும். கேன்சல் அடிக்க மறந்தாலும் எழுந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜூனிப்பர் நிறுவனக் கருவிகளில் 'கமிட் கன்ஃபர்ம்ட்' இதையே ரீபூட் இல்லாமல் செய்யும். உறுதிசெய்யாவிட்டால் 10 நிமிடத்தில் தானே பின்வாங்கும்.

பைத்தானும், அதிலிருந்து நெட்வொர்க் கருவிகளோடு பேச உதவும் நெட்மிகோவும் பழக இதுவே நேரம். முதல் ஸ்கிரிப்ட் படிப்பது மட்டுமாக இருக்கட்டும்: எல்லாக் கருவிகளின் அமைப்பையும் தினமும் எடுத்துக் கோப்பில் சேமிப்பது. அமைப்பைத் தள்ளும் ஸ்கிரிப்டை கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கையால் செய்யும் பிழை ஒரு ஸ்விட்சில் நிற்கும், லூப்பில் உள்ள பிழை இருநூறிலும் போய் உட்காரும்.

அடுத்த சான்றிதழுக்கு அவசரம் வேண்டாம், காலாவதிக் கணக்கைப் பார்த்து வையுங்கள். சிஸ்கோ, காம்ப்டியா சான்றிதழ்களுக்கு ஆயுள் 3 வருடம். மைக்ரோசாஃப்டின் அசோசியேட் நிலைக்கு 1 வருடம்தான், ஆனால் இணையத்திலேயே இலவசமாகப் புதுப்பிக்கலாம். லினக்ஸ் நிர்வாகத்துக்கான ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ முழுக்கச் செய்முறை. செய்த மாற்றம் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும், இல்லையென்றால் மதிப்பெண் இல்லை. பாதுகாப்புத் துறைச் சான்றிதழான சிஐஎஸ்எஸ்பியைத் தொடக்கத்திலேயே குறிவைப்பது வீண். முழுச் சான்றிதழுக்கு 5 வருடப் பணி அனுபவம் கேட்பார்கள், பட்டமோ வேறு சான்றிதழோ இருந்தால் அதில் ஒரு வருடம்தான் குறையும்.

கிளவுடுக்குப் போகிறவர்கள் அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் பக்கம் வருவார்கள்: 65 கேள்விகள், 130 நிமிடம், 1000க்கு 720. நெட்வொர்க் தெரிந்தவருக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரிந்த பாடம், சில இடங்களில் பழக்கம் காலை வாரும். அங்கே ஒவ்வொரு சப்நெட்டிலும் 5 முகவரிகளை ஏடபிள்யூஎஸ் தனக்கு எடுத்துக்கொள்ளும். /28இல் 14 என்று கணக்குப் போட்டவருக்கு 11தான் மிஞ்சும். செக்யூரிட்டி குரூப் (சர்வரைச் சுற்றிய ஃபயர்வால்) உள்ளே விட்ட இணைப்பின் பதிலைத் தானாக வெளியே விடும். நெட்வொர்க் ஏசிஎல் (சப்நெட்டின் வாசலில் நிற்பது) அப்படியில்லை, திரும்பிப் போகும் உயர் எண் போர்ட்களையும் திறந்துவிட வேண்டும். செக்யூரிட்டி குரூப்பில் 443ஐ மட்டும் திறந்திருப்பார்கள், ஐசிஎம்பியைத் திறந்திருக்க மாட்டார்கள். அங்கிருந்து வரும் புகாரும் தலைகீழாக இருக்கும்: பக்கம் திறக்கிறது, பிங் போகவில்லை, சர்வர் விழுந்துவிட்டதா?